வணிகரின் கொடையும் ஊராரின் கடமையும்



கடலூரிலிருந்து தெற்கே இரயிலில் செல்வோர் பரங்கிப்பேட்டையைக் கடந்து, வெள்ளாற்றைத் தாண்டிச் சிதம்பரம் நிலையத்தை அடையும்போது வலப்புறத்தில் கோயிற் கோபுரங்களைக் காண்பர். இடப்புறத்தில், இருப்புப்பாதைக்குக் கிழக்கே, மரங்களுக்கிடையே நீண்டு பரந்த ஒரு கல்வி நகரம் அமைந்திருக்கின்றது. அதற்கு அண்ணாமலை நகர் என்று பெயர். தனிப் பேரூராட்சியாகவே விளங்கும் அந்த ஊர் ஒரு பல்கலைக்கழகத்தால் பிறந்தது. அந்தப் பல்கலைக்கழகமோ ஒரு வணிகரின் கொடையால் பிறந்தது.

ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்தவுடன் நம் இல்லங்களில் ஒரு கவலை குடியேறுகின்றது. பிள்ளையை எங்கே சேர்ப்பது, பெண் பிள்ளையை எவ்வளவு தூரம் அனுப்பலாம், கட்டணத்துக்கு எங்கே போவது, அந்தப் பட்டம் செல்லுமா, செல்லாதா என்று பெற்றோர் கலங்குகின்றனர். இக்கேள்விகளுக்கு விடை தேடும் நாம் அவற்றுக்கு முந்திய ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. பல்கலைக்கழகம் என்பது என்ன? அது எவ்வாறு தோன்றுகின்றது? அதைச் சுற்றி வாழும் ஊராருக்கும் அதற்கும் உள்ள உறவு யாது? கடலூர் மாவட்டத்து வாசகர்களுக்கு நன்கு பழக்கமான அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை முன்வைத்து இவற்றைச் சற்றே சிந்திப்போம்.

தேர்வு நடத்திய பல்கலைக்கழகங்கள்

நம் நாட்டில் நவீனப் பல்கலைக்கழகங்கள் 1857ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் நிறுவப்பட்டன. அவை இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டவை. பாடத்திட்டம் வகுப்பதும், தேர்வு நடத்துவதும், பட்டம் வழங்குவதுமே அவற்றின் முதன்மைப் பணிகளாக இருந்தன. பாடம் கற்பிக்கும் பணியை அங்கங்கே இருந்த கல்லூரிகள் செய்தன. ஒரு மாணவர் தம் வாழ்நாளில் பல்கலைக்கழகக் கட்டடத்தின் படியை மிதிக்காமலேயே அதன் பட்டதாரியாகிவிட முடிந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நிலை மாறத் தொடங்கியது. ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் உறைந்து, கற்பித்தலும் ஆராய்ச்சியும் ஒருங்கே நடைபெறும் இடமே உண்மையான பல்கலைக்கழகம் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916இல் தோன்றியது. நிஜாம் மீர் உஸ்மான் அலீ கான் 1918இல் ஹைதராபாத்தில் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தை நிறுவி, உர்து மொழியையே பயிற்று மொழியாக்கினார். சர் சையித் அஹ்மத் கான் வித்திட்ட அலீகர் கல்லூரி 1920இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ஆந்திரப் பல்கலைக்கழகம் 1926இல் பிறந்தது.

மேலை நாட்டிலும் இதற்கொத்த மாற்றம் நிகழ்ந்திருந்தது. இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாக ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜுமே உயர்கல்வியின் இருபெரும் கோட்டைகளாக இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழில் நகரங்களின் வணிகர்களும் ஆலை முதலாளிகளும் தத்தம் ஊர்களிலேயே கல்லூரிகளைத் தொடங்கினர். எழுதுகோல்களுக்கான எஃகு முள் செய்து பெரும்பொருள் ஈட்டிய ஜோசையா மேசன் என்பார் பர்மிங்ஹாம் நகரில் ஓர் அறிவியற் கல்லூரியை நிறுவினார். 1880இல் திறக்கப்பட்ட அக்கல்லூரியே 1900இல் அரச சாசனம் பெற்ற பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு அடித்தளமாயிற்று. எழுதுகோல் முள் விற்ற காசு எழுதப் படிக்கும் மக்களுக்கே திரும்பி வந்தது! ஊர் பெற்றெடுத்த பல்கலைக்கழகம் ஊருக்கு உழைக்க வேண்டும் என்பது அத்தகைய நகரப் பல்கலைக்கழகங்களின் கொள்கையாக இருந்தது.

சிதம்பரத்தில் ஊன்றிய வித்து

சிதம்பரத்துக்குக் கல்வி புதியதன்று. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1864இல் அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குக் கல்விக் கதவுகள் அடைபட்டிருந்த காலத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் கண்டு, பள்ளியும் விடுதியும் நடத்தினார். இத்தகைய மண்ணில்தான் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானைச் சேர்ந்த அண்ணாமலைச் செட்டியார் 1920இல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அலீகர் பல்கலைக்கழகமாக உயர்ந்த அதே ஆண்டு அது.

1881இல் பிறந்த அண்ணாமலைச் செட்டியார் வங்கித் தொழிலிலும் வணிகத்திலும் கைதேர்ந்தவர். 1907இல் தோன்றிய இந்தியன் வங்கியின் நிறுவனர்களுள் ஒருவர். நகரத்தார் பெருமக்கள் பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளில் கொடுக்கல் வாங்கல் நடத்திச் செல்வம் ஈட்டிய காலம் அது. அச்செல்வத்தின் ஒரு பகுதி கோயில் திருப்பணிகளுக்கும் சத்திரங்களுக்கும் சென்றுகொண்டிருந்தது. அண்ணாமலைச் செட்டியார் அதனைக் கல்வியின் பக்கம் திருப்பினார்.

அதுவும் சென்னையில் அன்று. காவிரியின் கழிமுகத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில்! பிள்ளைகள் கல்வியைத் தேடித் தலைநகர் செல்ல வேண்டிய நிலையில் கல்வியே கிராமத்துப் பிள்ளைகளின் அருகில் வந்து நின்றது. மீனாட்சி கல்லூரியை அடுத்துத் தமிழ்க் கல்லூரி, வடமொழிக் கல்லூரி, இசைக் கல்லூரி என ஒவ்வொன்றாக எழுந்தன. 1924 முதல் 1927 வரை மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக வீற்றிருந்தவர் தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் என்றால் அக்கல்லூரியின் தரத்தை வேறு சான்று கொண்டு விளக்க வேண்டியதில்லை.

இக்கல்லூரிகளை அனைத்துச் சொத்துகளோடும் ஒப்படைத்து, இருபது இலட்சம் ரூபாய் நன்கொடையும் அளிக்க அண்ணாமலைச் செட்டியார் முன்வந்தார். சென்னை மாகாண அரசும் தன் பங்குக்கு நிதி வழங்க இசைந்தது. டாக்டர் ப. சுப்பராயன் முதலமைச்சராக இருந்த காலத்தில் 1928ஆம் ஆண்டின் அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டம் இயற்றப்பட்டது. 1929இல் பல்கலைக்கழகம் செயற்படத் தொடங்கியது. சாமுவேல் எபனேசர் ரங்கநாதன் முதல் துணைவேந்தரானார். ஒரே வளாகத்தில் தங்கிப் பயிலும் உறைவிடப் பல்கலைக்கழகமாக அது அமைந்தது.

தமிழுக்கும் இசைக்கும்

அங்கே முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர் இலங்கையின் கிழக்கு மாகாணத்துக் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர். பிற்காலத்தில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் என்னும் பெருமையும் அவருக்கே உரியதாயிற்று. அவரை அடுத்து நாவலர் சோமசுந்தர பாரதியார் வந்தார். தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் போன்ற பேரறிஞர்கள் பணியாற்றினர். மொழியியல் ஆய்வுக்கு இந்திய அளவில் பெயர்பெற்ற துறையும் அங்கே வளர்ந்தது.

தமிழ்நாட்டு மேடைகளில் தமிழ்ப் பாடல்களுக்குத் துக்கடா என்னும் கடைசி இடமே கிடைத்துவந்த காலம் ஒன்று உண்டு. இன்றைய இளைஞர் பலர் அதனை அறியார். அந்நிலையை மாற்ற எழுந்த தமிழிசை இயக்கத்தின் தொடக்க மாநாடு 1941இல் அண்ணாமலை நகரில் கூடியது. சென்னைத் தமிழிசைச் சங்கம் 1943இல் தோன்றியது அதன் தொடர்ச்சியே. ஒரு பல்கலைக்கழகம் தன் சுற்றுச்சுவருக்குள் அடங்காமல், மக்களின் செவிக்கும் நாவுக்கும் உரிமை தேடித் தந்தது என்று இதனைக் கூறலாம்.

பொதுவாழ்வுக்கும் அவ்வளாகம் பயிற்சிக்களமாக விளங்கிற்று. நாவலர் இரா. நெடுஞ்செழியன், பேராசிரியர் க. அன்பழகன் ஆகியோர் அங்கே பயின்று வந்தவர்கள். 1965 ஜனவரி 27ஆம் நாள், இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்து ஊர்வலம் புறப்பட்ட மாணவர்கள்மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியதில் சிவகங்கையைச் சேர்ந்த இராசேந்திரன் என்னும் மாணவர் உயிர்நீத்தார். அக்கிளர்ச்சிக்குப் பின் வந்த 1967 தேர்தலில் மாநிலத்தின் ஆட்சியே மாறிற்று. முதலமைச்சரான அறிஞர் அண்ணாவுக்கு 1968இல் அதே பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. அரசியற் கருத்துகளில் நாம் எப்பக்கம் நின்றாலும், ஒரு சிற்றூரில் கூடிய இளைஞர்களின் குரல் தலைநகரை எட்டியது என்பதை எவரும் மறுக்க இயலாது.

கடலோரத்தில் ஓர் ஆய்வுக்கூடம்

நம் சமுதாய மக்கள் பெருந்தொகையாக வாழும் பரங்கிப்பேட்டைக்கும் இப்பல்கலைக்கழகத்துக்கும் உள்ள தொடர்பு தனியே எடுத்துரைக்கத் தக்கது. மஹ்மூது பந்தர் என்று முன்னோர் வழங்கிய அத்துறைமுகத்தை வரலாற்று மாணவர்கள் போர்க்களமாக அறிவார்கள். 1781 ஜூலை முதல் நாள் ஹைதர் அலீயின் படையும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படையும் அங்கேதான் மோதின. அறிவியல் மாணவர்களோ அவ்வூரைக் கடலாய்வுக் களமாக அறிவர். வெள்ளாறு கடலோடு கலக்கும் கழிமுகத்தில், பேராசிரியர் ஆர்.வி. சேஷையாவின் முயற்சியால், கடல்வாழ் உயிரியல் ஆய்வு நிலையம் 1960களின் தொடக்கத்தில் வேரூன்றியது. பல்கலைக்கழக மானியக் குழு அதனை உயராய்வு மையமாக ஏற்றது. மீனவர் தெப்பம் செலுத்திய அதே நீரில் மாணவர்கள் மீன்குஞ்சுகளையும் இறால்களையும் நுண்ணுயிர்களையும் ஆராய்ந்தனர்.

இந்த ஆராய்ச்சியெல்லாம் சாதாரண மக்களுக்கு என்ன பயன் தரும் என்று கேட்போர் உண்டு. அதற்கு விடையாக ஒரு துயர நாள் வந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கடலூர் மாவட்டக் கரையைத் தாக்கி 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் உடனே களமிறங்கி, வீடிழந்து ஓடிவந்த மீனவ மக்களுக்குச் சாதி சமயம் பாராமல் உணவும் உறைவிடமும் வழங்கினர். அந்தப் பணியை நாடே வியந்து நோக்கியது.

அதே ஊரிலிருந்த ஆய்வாளர்கள் வேறொரு பணியை மேற்கொண்டனர். பேராசிரியர் கதிரேசனும் அவருடைய ஆய்வுத் துணைவரும் 18 மீனவக் குடியிருப்புகளின் இழப்புகளைக் கணக்கெடுத்தனர். பிச்சாவரம் அலையாத்திக் காடுகள் இவர்களுக்கு நன்கு அறிமுகமானவை. ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில் உப்பங்கழிகளுக்கிடையே வளர்ந்து நிற்பவை. தரையின் உயரம், கடலிலிருந்து உள்ள தொலைவு, இடையே உள்ள அலையாத்தி மரங்கள் ஆகிய மூன்றும் உயிரிழப்பையும் பொருளிழப்பையும் குறைத்தன என்று 2005இல் வெளியான அவர்களுடைய ஆய்வு கூறிற்று. பிற நாட்டு அறிஞர் சிலர் அதே கணக்கை மறுபடியும் ஆராய்ந்து, தொலைவும் உயரமுமே முக்கியக் காரணங்கள்; மரங்களின் பங்கு அவ்வளவு தெளிவாக நிறுவப்படவில்லை என்று மறுத்தெழுதினர்.

இந்த விவாதத்தை நாம் குறையாகக் கருதலாகாது. ஒருவர் கூறியதை மற்றவர் ஆதாரத்தோடு சோதிப்பதே கல்வியின் மரபு. அறிவிப்பாளர்களின் வரிசையை ஒவ்வொருவராக எடுத்து ஆராய்ந்த ஹதீஸ் கலை வல்லுநர்களின் வழிவந்த நமக்கு இது புதிதன்று. மீனவர் வீட்டை எங்கே கட்டுவது, எந்தக் கரையில் மரம் நடுவது என்னும் வாழ்வா சாவா என்ற கேள்விக்கு ஊகத்தை விட்டு அளவையின் துணைகொண்டு விடைதேட முடிந்ததே, அதுதான் பெரும் பயன். அந்த ஆய்வுக்கூடம் அங்கே இல்லாதிருந்தால் அந்த 18 ஊர்களின் கணக்கை எடுக்க யார் வந்திருப்பார்கள்?

வீட்டுக்கு வந்த பட்டம்

1979இல் தொடங்கப்பட்ட தொலைதூரக் கல்வி இயக்ககம் இப்பல்கலைக்கழகத்தின் பெயரை நாடெங்கும் கொண்டுசென்றது. கடையில் கணக்கெழுதியவர், வளைகுடாவிலிருந்து திரும்பியவர், இளமையிலேயே திருமணமாகிப் படிப்பை நிறுத்திய பெண்மணி, மதரஸாவில் ஓதி முடித்துப் பட்டமும் பெற விரும்பிய ஆலிம் ஆகியோருக்கெல்லாம் அஞ்சலில் வந்த பாடநூல்கள் மறுவாழ்வு அளித்தன. நம் இல்லங்களில் அடுப்பங்கரையில் அமர்ந்து பட்டம் பெற்ற தாய்மார்கள் எத்தனையோ பேர்! அந்த நன்றியை நாம் மறக்கலாகாது.

ஆயினும் நன்றி கண்ணை மறைத்துவிடக் கூடாது. அப்பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரையில்தான் தன் ஏற்பு இருந்தது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 மார்ச் மாதத்தில் பொது அறிவிப்பு வெளியிட்டது. எத்தனை மாணவர் நெஞ்சில் இடி விழுந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே எந்தப் பல்கலைக்கழகமானாலும், எவ்வளவு பழம்பெருமை உடையதானாலும், தொலைதூரப் படிப்பில் பணம் கட்டுவதற்குமுன் அந்த ஆண்டுக்கு, அந்தப் படிப்புக்கு மானியக் குழுவின் ஏற்பு இருக்கின்றதா என்பதைக் குழுவின் பட்டியலிலேயே நேரில் பார்த்துக்கொள்ள வேண்டும். சேர்க்கை மையத்தின் விளம்பரப் பலகையும், முன்னாள் மாணவரின் வாய்மொழியும் சான்றாகமாட்டா. கடன் கொடுத்தால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று நமக்கு மறை கட்டளையிடுகின்றது; பிள்ளையின் மூன்றாண்டு வாழ்வைக் கொடுக்கும்போது எழுத்துச் சான்று கேட்பதில் நாணமென்ன?

கொடையும் காவலும்

இனி, இக்கட்டுரையின் மையத்துக்கு வருவோம்.

கல்விக்காகச் சொத்தை அர்ப்பணித்தல் நம் வரலாற்றில் ஆழ வேரூன்றிய அறம். மொராக்கோவின் ஃபாஸ் நகரில், கி.பி. 859இல், ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி என்னும் பெண்மணி தமக்குக் கிடைத்த வாரிசுச் சொத்தைக் கொண்டு எழுப்பிய கரவிய்யீன் பள்ளிவாசல் காலப்போக்கில் பெருங்கலைக்கூடமாக வளர்ந்தது என்று வரலாறு போற்றுகின்றது. 1067இல் பக்தாதில் திறக்கப்பட்ட நிஜாமிய்யா மதரஸாவும் வக்ஃபு வருவாயைக் கொண்டே நடைபெற்றது. இமாம் கஸ்ஸாலி அங்கே பேராசிரியராக வீற்றிருந்தார். நம் தமிழகத்திலும் வணிகப் பெருமக்களின் கொடையால் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது; 1951இல் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னைப் புதுக்கல்லூரியும் தோன்றின. ஆகவே, அண்ணாமலைச் செட்டியார் செய்ததன் அருமை நமக்கு எளிதில் விளங்கும்.

வக்ஃபுச் சொத்துகளை அறிந்தவர்களுக்கு மற்றோர் உண்மையும் தெரியும். கொடை கொடுப்பது ஒரு நாள் செயல். அதனைக் காப்பது தலைமுறைகளின் செயல். வாகிஃப் எவ்வளவு தூய எண்ணத்தோடு கொடுத்தாலும், முத்தவல்லி கணக்குக் காட்டாவிட்டால், ஜமாஅத்தார் கேள்வி கேட்காவிட்டால், அச்சொத்து கரைந்துபோகும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் இச்சோதனைக்கு உள்ளாயிற்று. நிறுவனரின் குடும்பத்தார் வழிவழியாக இணைவேந்தர்களாக இருந்து வந்தனர். பொறியியல், வேளாண்மை ஆகியவற்றோடு 1980இல் பல் மருத்துவக் கல்லூரியும் 1985இல் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து நிறுவனம் பெரிதாக வளர்ந்தது. ஊழியர் எண்ணிக்கை பன்னிரண்டாயிரத்தையும் தாண்டிற்று. வரவுக்கு மிஞ்சிய செலவு வளர்ந்து, 2012ஆம் ஆண்டின் இறுதியில் ஊதியம் கொடுக்கவே இடர்ப்படும் நிலை ஏற்பட்டது. ஆசிரியரும் ஊழியரும் போராட்டத்தில் இறங்கினர். 2013 ஏப்ரலில் தமிழக அரசு ஆட்சிப் பணி அதிகாரி ஒருவரை நிருவாகியாக அமர்த்திற்று. அவ்வாண்டே புதிய சட்டத்தின் வழியாகப் பல்கலைக்கழகம் முழுமையாக அரசின் பொறுப்புக்கு வந்தது. மிகையான ஊழியர்கள் அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் மாற்றப்பட்டனர்.

அரசு ஏற்றபின்னும் ஒரு முரண்பாடு எஞ்சியது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களாக இருக்க, அதே அரசின் பொறுப்பிலிருந்த இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் அது சில இலட்சங்களாக இருந்தது. இதனை எதிர்த்து 2020 டிசம்பரில் தொடங்கிய மாணவர் போராட்டம், விடுதிகளையும் உணவையும் இழக்க நேர்ந்த நிலையிலும், 50 நாள்களுக்குமேல் அமைதியாக நீடித்தது. 2021 ஜனவரி இறுதியில் அரசு அக்கல்லூரியை மக்கள் நல்வாழ்வுத் துறையின்கீழ்க் கொண்டுவந்து, அதனைக் கடலூர் மாவட்டத்துக்குரிய அரசு மருத்துவக் கல்லூரியாக்கிற்று. கட்டணமும் குறைந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் அக்கதவு திறந்தது. அந்தப் போராட்டத்தில் கலந்துகொண்ட பிள்ளைகளுள் இறுதியாண்டில் இருந்தவர்களுக்கு அதனால் பெரும்பயன் கிடைத்திருக்காது. தமக்குப் பின் வருவோருக்காகவும் அவர்கள் பனியில் அமர்ந்தனர். நிறுவனர் கொடுத்த இருபது இலட்சத்தைப் போன்றே இதுவும் ஒரு கொடைதானே?

அதே 2021இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, தொண்ணூறு ஆண்டுகளாக ஒரே வளாகத்துக்குள் இயங்கிய பல்கலைக்கழகம், கடலூர், விழுப்புரம் முதலிய மாவட்டங்களின் கல்லூரிகளையும் தன்னோடு இணைத்துக்கொள்ளும் உரிமை பெற்றது. கடலூர்ப் பெரியார் அரசு கலைக் கல்லூரியில் படிக்கும் மாணவியும் இன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பட்டதாரியே. அதன் நன்மை தீமைகள் முன்னிலும் பரந்த வட்டாரத்தைத் தொடுகின்றன என்பது இதன் பொருள்.

நாம் செய்ய வேண்டியவை

இத்தனையும் படித்த வாசகர், "இது அரசின் வேலை, நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடக் கூடாது. பரங்கிப்பேட்டை, இலால்பேட்டை, காட்டுமன்னார்கோயில், நெல்லிக்குப்பம், கடலூர் ஆகிய ஊர்களின் ஜமாஅத்துகளுக்குச் சில சொற்கள்.

முதலாவது, பெண் பிள்ளைகள். மேற்சொன்ன ஊர்களுள் பலவற்றிலிருந்து காலையில் சென்று மாலையில் வீடு திரும்பும் தொலைவில் ஒரு பெரும் பல்கலைக்கழகம் இருக்கின்றது. சென்னைக்கும் கோவைக்கும் அனுப்ப அஞ்சுகின்ற பெற்றோர், அருகிலிருப்பதையும் பயன்படுத்தாமல் மகளைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்துவதற்கு என்ன நியாயம் கூறப்போகின்றார்கள்? போக்குவரத்துதான் தடை என்றால் நான்கு வீட்டார் சேர்ந்து ஒரு வாகனம் அமர்த்துவது இயலாத செயலா?

இரண்டாவது, வழிகாட்டல். திருமண மண்டபத்துக்கும் மினாராவுக்கும் நிதி திரட்டும் ஆற்றல் நம்மிடம் இருக்கின்றது. ஆண்டுக்கு இரண்டு நாள், தேர்வு முடிவு வரும் வாரத்தில், பள்ளிவாசல் வளாகத்தில் படித்த இளைஞர்களை அமர்த்தி, எந்தப் படிப்புக்கு என்ன தகுதி, எந்த உதவித்தொகைக்கு எப்போது விண்ணப்பிப்பது, எந்தப் பட்டத்துக்கு ஏற்பு உண்டு என்று ஏழைப் பெற்றோருக்கு எடுத்துரைக்கச் செய்தால் போதும். இதற்கு ஆகும் செலவு ஒரு வலீமா விருந்தின் இனிப்புக்குக்கூட ஈடாகாது.

மூன்றாவது, உரிமையுணர்வு. பல்கலைக்கழகம் ஊரின் சொத்து. அதன் நூலகம், ஆய்வுக்கூடம் ஆகிய அனைத்தும் மக்களின் வரிப்பணத்தால் இயங்குபவை. கட்டணம் நியாயமாக இருக்கின்றதா, காலியிடங்கள் நிரப்பப்படுகின்றனவா, தேர்வு முடிவு உரிய நேரத்தில் வருகின்றதா என்று கேட்கும் உரிமை ஊராருக்கு உண்டு. சட்டமன்ற உறுப்பினரிடம் சாலைக்கும் குடிநீருக்கும் மனுக் கொடுக்கும் நாம் கல்விக்காக ஒருமுறையேனும் மனுக் கொடுத்திருக்கின்றோமா?

நான்காவது, செல்வந்தர்களுக்கு. இருபது இலட்சம் கொடுத்துப் பல்கலைக்கழகம் காண எல்லோராலும் இயலாது. ஒரு மாணவரின் விடுதிக் கட்டணத்தை ஏற்பதும், உள்ளூர் நூலகத்துக்கு ஓர் அலமாரிப் புத்தகம் வாங்கித் தருவதும் பலரால் இயலும். மனிதன் இறந்தபின்னும் அவனுக்குப் பயன் தரும் மூன்றில் பயன்தரும் கல்வியும் ஒன்று என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியிருப்பதை நாம் மேடைதோறும் கேட்டு வருகின்றோம். கேட்டதைச் செயலாக்கும் வாய்ப்பு வீட்டு வாசலிலேயே காத்திருக்கின்றது.

அண்ணாமலைச் செட்டியார் 1948இல் மறைந்தார். அவர் கட்டிய வகுப்பறைகளில் அவருடைய மொழியைப் பேசாதவர், அவருடைய சமயத்தைச் சாராதவர், அவருடைய குலத்தை அறியாதவர் எனப் பல்லாயிரவர் படித்துச் சென்றுவிட்டனர். கொடுத்தவர் தம் பங்கைச் செய்துவிட்டார். காக்கும் பங்கு இன்று அரசுக்கும், அதனைத் தேர்ந்தெடுக்கும் நமக்கும் உரியது. அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் உங்கள் மஹல்லாவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுள் படிப்பைத் தொடராதவர் யார் என்று ஒரு பட்டியல் எழுதிப் பாருங்கள். அப்பட்டியலில் உள்ள ஒரு பெயரையாவது உங்கள் பொறுப்பாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

வல்ல நாயன் நம் முயற்சிகளுக்குத் துணை புரிவானாக! வஸ்ஸலாம்.